கோவையிலிருந்து பிரெட்டன் வுட்ஸ் வரை: ஆர்.கே. சண்முகம் செட்டியார்

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



சுதந்திர இந்தியாவின் முதல் பிரதமர் யார், முதல் ஜனாதிபதி யார் என்று கேட்டால் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை கூடச் சொல்லிடும். முதல் நிதியமைச்சர் யார் என்று நம்ம விடுதியில் ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்றார்கள், சி. சுப்பிரமணியம் என்றார்கள், ஒருத்தன் மன்மோகன் சிங் என்றே சொல்லிட்டான். இவர்கள் எல்லாருமே நிதியமைச்சராக இருந்தவர்கள்தான். ஆனால் முதலாமவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், கோயமுத்தூர்க்காரர், பேர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஒரு நாட்டின் முதல் கணக்குப் புத்தகத்தை எழுதினவர் பேர் இப்படி மறந்து போனதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1892-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி கோவையில், வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பஞ்சும் நூலும் ஆலையும் கோவைக்குச் சோறு போட ஆரம்பித்த காலம் அது. அந்தக் குடும்பத்துக்கும் பஞ்சாலைத் தொழிலில் பங்கு உண்டு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். இப்ப தாம்பரத்தில் இருக்கிற கல்லூரிதான், அந்த நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. பிறகு சட்டக் கல்லூரி. வக்கீலாகக் கோர்ட்டில் நின்று பேர் வாங்கியதை விட, கோவை நகரசபையில் உட்கார்ந்து பேர் வாங்கியதுதான் அதிகம். 1917-ல் நகரசபை உறுப்பினர், பிறகு துணைத் தலைவர். 1920-ல் சென்னை சட்டசபை. 1924-ல் டெல்லி, மத்திய சட்டசபை. ஏழு வருஷத்தில் சாக்கடை, தெருவிளக்குப் பிரச்சினையிலிருந்து வைஸ்ராய் ஆட்சியின் வரவு செலவு வரைக்கும் ஏறிட்டார் மனுஷன்.

டெல்லியில் முதலில் அவர் இருந்தது சுயராஜ்யக் கட்சியில். சி.ஆர். தாசும் மோதிலால் நேருவும் ஆரம்பித்த கட்சி அது. சட்டசபைக்கு உள்ளே போயே வெள்ளைக்காரனை எதிர்க்கணும் என்பது அவர்கள் கொள்கை. சண்முகம் அதில் கொறடாவாக இருந்தார். நாளாக ஆக அவர் வழி வேறாகப் போனது. 1930-ல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். காங்கிரஸ்காரர்கள் சட்டசபையை விட்டு வெளியே வந்தார்கள். சண்முகம் வரவில்லை. 1931-ல் சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார், 1933-ல் தலைவர் ஆனார். இன்றைய கணக்கில் சொல்லணும்னா மக்களவை சபாநாயகர் மாதிரி. அதே வருஷம் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது.

உப்பளத்துப் பக்கம் பிறந்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் உண்டு. மரக்காணம், வானூர் பக்கம் உப்பு வாரிப் பிழைத்த சனங்களுக்கு உப்பு வரி என்பது வரலாற்றுப் புத்தகத்து விஷயம் இல்லை, அடுப்படி விஷயம். நாடே உப்புக்காக ஜெயிலுக்குப் போன வருஷத்தில், இவர் டெல்லி நாற்காலியை விடவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் வாழ்க்கையில் இது முக்கியமான திருப்பம்.

சும்மா நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடுகளுக்கு இந்திய முதலாளிகள் தரப்புப் பிரதிநிதியாகப் போனார். 1932-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருளாதார மாநாடு நடந்தது. அதற்குப் போன இந்தியக் குழுவில் இவரும் ஒருவர். அங்கே போட்ட ஒப்பந்தம் என்னவென்றால், பிரிட்டிஷ் சரக்குக்கு இந்தியாவில் வரிச் சலுகை, இந்தியச் சரக்குக்கு பிரிட்டனில் வரிச் சலுகை. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஒருத்தன் யானை, இன்னொருத்தன் ஆடு, ரெண்டு பேருக்கும் ஒரே தொட்டி என்றால் யார் குடிப்பார்? தேசியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் சண்முகம் தோற்றார். சபையின் தலைவராக இருந்தவருக்கே சபையில் இடம் இல்லை.

தோற்றவரைக் கொச்சி சமஸ்தானம் கூப்பிட்டுக்கொண்டது. 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். திவான் என்றால் மகாராஜாவுக்கு அடுத்த ஆள், முதல் மந்திரி மாதிரி. கொச்சித் துறைமுகம் பெரிசானது இந்தக் காலத்தில்தான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கடல்வாயில் மணல் திட்டைத் தோண்டி, அந்த மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை உருவாக்கிய கதை சிவில் பிரிவு நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வேலை சண்முகம் வருவதற்கு முன்பே தொடங்கியது. 1936-ல் கொச்சி பெரிய துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டபோது திவான் நாற்காலியில் இருந்தவர் இவர்.

நம்ம மின்னியல் பிரிவுக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அதே 1936-ல் திருச்சூரில் ஒரு போராட்டம் நடந்தது, அதற்கு மின்சாரப் போராட்டம் என்றே பேர். திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் விநியோகிக்கும் உரிமையைத் திவான் ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தார். நகரசபையே செய்யட்டும், லாபம் ஊருக்கே வரட்டும் என்று மக்கள் கிளம்பினார்கள். இக்கண்ட வாரியர், ஏ.ஆர். மேனன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். அரசு அடக்குமுறையைத்தான் கையில் எடுத்தது. மின்சாரத்தை யார் விற்பது, அரசா தனியாரா என்று இன்னைக்கும் சண்டை நடக்கிறதே, அதற்கு அண்ணன் முறை இந்தத் திருச்சூர் சண்டை. அந்த ஊரில் பின்னாளில் விநியோகம் நகரசபை கைக்கே வந்துவிட்டது. மாநகராட்சியே மின்சாரம் விநியோகிக்கிற ஊர் என்று திருச்சூருக்கு ஒரு தனிப்பேர் உண்டு. அந்த வழக்கில் மக்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

அதே திவான்தான் 1938-ல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கு மந்திரி பதவி தரும் சட்டம் கொச்சியில் வரும்போதும் இருந்தார். அம்பாட்டு சிவராம மேனன் மந்திரியானார். சமஸ்தானங்களில் அப்படி நடந்தது புதுசு. இன்னொரு பக்கம், 1936-ல் பக்கத்துத் திருவிதாங்கூரில் எல்லாருக்கும் கோயில் திறந்தது. கொச்சியில் அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஒரே மனுஷனிடம் இந்த ரெண்டு பக்கமும் இருக்கிறது.

1938-ல் ஜெனீவாவில் சர்வதேச சங்கக் கூட்டத்துக்கு இந்தியப் பிரதிநிதி. ஐ.நா. சபை பிறப்பதற்கு முன் இருந்த சங்கம் அது. யுத்தம் வந்ததும் அமெரிக்காவில் இந்திய அரசுக்குச் சரக்கு கொள்முதல் செய்யும் குழுவுக்குத் தலைவராக வாஷிங்டன் போனார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

1944 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பிரெட்டன் வுட்ஸ் என்ற மலையூர் ஓட்டலில் 44 நாடுகள் கூடின. யுத்தம் முடிந்ததும் உலகத்தின் பணம் எப்படி நடக்கணும் என்று முடிவு செய்ய. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் பிறந்தது அங்கேதான். இந்தியா அப்போது அடிமை நாடு. ஆனாலும் குழு போனது. தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற வெள்ளைக்காரர், தியோடர் கிரிகரி என்ற இன்னொரு வெள்ளைக்காரர், ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாய் தொழில் வட்டாரத்து ஏ.டி. ஷ்ராஃப், நம்ம சண்முகம் செட்டியார்.

அவர்கள் அங்கே எதுக்காக மல்லுக்கட்டினார்கள் என்பதைப் புரிய வைக்க எனக்குத் தெரிந்த உப்பளக் கணக்கிலேயே சொல்கிறேன். எங்க பக்கம் பெரியவங்க சொல்வாங்க. சீசன் முழுக்கக் காலில் புண்ணோடு பாத்தியில் உப்பு வாருவார்கள். கூலி முழுசும் கைக்கு வராது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம் என்பார்கள். மழை வந்து வேலை நின்றதும் போய்க் கேட்டால், கணக்குல இருக்கு, அப்புறம் பார்க்கலாம். இடையில் வீட்டில் அரிசி இல்லை. நோட்டில் பணக்காரன், அடுப்பில் ஏழை.

இந்தியாவுக்கு நடந்தது இதேதான். யுத்தத்துக்காக பிரிட்டன் இந்தியாவில் துணி, தானியம், தோல், ஆள் எல்லாம் எடுத்தது. விலையை ரூபாயாகக் கொடுக்கவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அடித்தது. நோட்டு பெருகியது, சரக்கு குறைந்தது, விலை ஏறியது. 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்ததற்குப் பின்னால் இந்த விலையேற்றமும் இருந்தது. யுத்தத்துக்கு முன் பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியாவுக்கு, யுத்தம் முடியும்போது பிரிட்டன் ஏறத்தாழ 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. எஜமான் வேலைக்காரனுக்குக் கடனாளி!

பிரெட்டன் வுட்ஸில் இந்தியக் குழு கேட்டது இதுதான்: இந்த நிலுவையில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்ற நிதியம் வழி செய்யணும், அப்போதுதான் நாங்கள் மெஷின் வாங்கித் தொழில் தொடங்க முடியும். பிரிட்டனும் அமெரிக்காவும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் தரப்பில் பேசியவர் கெய்ன்ஸ், அந்தக் காலத்துப் பொருளாதாரத்தில் மலை. இது இரண்டு நாடுகள் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று தள்ளிவிட்டார். கேட்டது கிடைக்கவில்லை.

ஆனால் வெறுங்கையோடும் திரும்பவில்லை. நிதியத்தில் இந்தியாவின் பங்கு 40 கோடி டாலர் என்று முடிவானது. அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, சீனா, பிரான்சுக்கு அடுத்து ஆறாவது இடம். ரஷ்யா பிறகு சேராமல் ஒதுங்கிக்கொண்டதால் இந்தியா முதல் ஐந்துக்குள் வந்து, நிர்வாகக் குழுவில் தேர்தல் இல்லாமலே ஒரு இடம் பிடித்தது. உறுப்பு நாடுகளின் உற்பத்தி வளங்களை வளர்ப்பதும் நிதியத்தின் நோக்கம் என்ற வாசகம் அதன் சட்டத்தில் ஏறியதில் நம்மவர்களின் வாதத்துக்கும் பங்கு உண்டு. சுதந்திரம் வாங்காத ஒரு நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1947 ஆகஸ்ட் 15. நேருவின் முதல் மந்திரிசபையில் காங்கிரஸை எதிர்த்து வந்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. சட்டத்துக்கு அம்பேத்கர், தொழிலுக்கு சியாமா பிரசாத் முகர்ஜி, நிதிக்கு சண்முகம் செட்டியார். சர் பட்டம் வாங்கியவர், ஒட்டாவாவுக்குப் போனவர், 1930-ல் வெளியே வராதவர். அவரிடம் கஜானா சாவி. காரணம் எளிது, அந்தக் கணக்கு தெரிந்த ஆட்கள் நாட்டில் ரொம்பக் கம்மி. பழைய கோபத்தை விட நாட்டின் தேவை பெரிசு என்று காங்கிரஸ் தலைவர்கள் நினைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் கைக்கு வந்த கஜானா எப்படி இருந்தது? நாடு ரெண்டாகப் பிளந்து, பஞ்சாப் எரிந்துகொண்டிருக்கிறது. அகதிகள் லட்சம் லட்சமாக வருகிறார்கள். அக்டோபரில் காஷ்மீர் சண்டை. உணவுப் பஞ்சம். உப்பு வரியை அந்த வருஷம் ஏப்ரலிலேயே இடைக்கால அரசு எடுத்துவிட்டது, நம்ம சனங்களுக்கு சந்தோஷம், கஜானாவுக்கு அந்த வருமானமும் இல்லை.

1947 நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். முழு வருஷத்துக்கு இல்லை, ஆகஸ்ட் 15 முதல் மறு வருஷம் மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு. வரவு 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி, கிட்டத்தட்ட பாதி. 2025-26 மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடியைத் தாண்டியது என்பதை வைத்துப் பார்த்தால் இந்த எண்கள் பொம்மை மாதிரி தெரியும். அன்றைக்கு அது ஒரு நாட்டின் உயிர். வருமானத்துக்குப் பெரிசாகப் புதிய வரி போடவில்லை. போட்ட ஒன்று எது தெரியுமா? பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதித் தீர்வையை உயர்த்தினார். பஞ்சாலை ஊரிலிருந்து வந்தவர், முதலில் கை வைத்தது பஞ்சாலைச் சரக்கிலேயே. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டும்.

சொத்துப் பிரிவினையும் அவர் தலையில்தான். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதே வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும், இங்கே ரெண்டு நாடு. சொத்திலும் கடனிலும் பாகிஸ்தானுக்கு பதினேழரை சதவீதம் என்று பேச்சு. ரொக்க இருப்பில் அதன் பங்கு 75 கோடி, 20 கோடி முன்பே கொடுத்தாயிற்று, 55 கோடி பாக்கி. காஷ்மீர் தீரும்வரை தரமுடியாது என்று அரசு நிறுத்தியது. படேலின் முடிவு, நிதியமைச்சரும் அதே பக்கம். 1948 ஜனவரி 13-ல் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டு நாளில் அரசு பணத்தைத் தர ஒப்புக்கொண்டது. அந்த மாதம் 30-ஆம் தேதி காந்தி சுடப்பட்டார்.

1948 பிப்ரவரியில் முழு வருஷ பட்ஜெட். கோடையில் லண்டன். பிரெட்டன் வுட்ஸில் கெய்ன்ஸ் தள்ளிவிட்ட அதே நோட்டுக் கணக்கு! இந்தமுறை அடிமை நாட்டுக் குழுவில் ஒருவராக இல்லை, சுதந்திர நாட்டின் நிதியமைச்சராகக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார். ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு பிடித்தம். இந்தியாவில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கு ஒரு பெருந்தொகை பிடித்தம். மீதியில் அடுத்த மூன்று வருஷத்துக்கு 8 கோடி பவுண்டு புதுசாக விடுவிப்பு. நம்மை ஆண்டவர்களுக்கு நாமே பென்ஷனா என்று விமர்சனம் எழுந்தது. அது நியாயமான கோபம். ஆனால் யுத்தத்தில் வற்றிப்போன பிரிட்டன் அந்தக் கடனையே வெட்டிக் குறைக்கணும் என்று நினைத்த காலம் அது. கடன் கடனாகவே நின்றது, பின்னாளில் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மெஷின் வாங்க உதவியது. நோட்டில் இருந்த கூலியில் பிடித்தம் போக மிச்சம் வாங்கி வந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

லண்டனிலிருந்து திரும்பி ஒரு மாதம் கூட நிம்மதி இல்லை.

யுத்த காலத்தில் ஆலைகள் கொள்ளை லாபம் பார்த்தன, வரி ஒழுங்காகக் கட்டவில்லை. அதை விசாரிக்க 1947-ல் வருமான வரி விசாரணைக் கமிஷன் அமைந்தது. வரதாச்சாரியார் தலைவர். எந்தெந்தப் பேர்வழிகளின் வழக்கைக் கமிஷனுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது நிதியமைச்சகம். அனுப்பிய பட்டியலிலிருந்து சில பேர்கள் எடுக்கப்பட்டன. எடுக்கப்பட்டதில் கோவை ஆலைக்காரர்கள் இருந்தார்கள். அமைச்சரும் கோவை. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? சபையில் கேள்வி எழுந்தது. அந்தப் பேர்களை எடுத்ததில் அவருக்குச் சொந்த லாபம் இருந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு. 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். பதவியில் இருந்தது ஒரு வருஷமும் சில நாளும். 1949 பட்ஜெட்டை வாசித்தவர் ஜான் மத்தாய்.

துணி ஏற்றுமதிக்குத் தீர்வை போட்ட அதே கை, கோவைப் பேர்களை விட்டுவிட்டதா? எனக்கு விடை கிடைக்கவில்லை. ஊர்க்காரனுக்கு உதவி செய்வது நம்ம பக்கம் குணம் என்பார்கள். கிராம அளவில் அது குணம்தான். பட்டியல் நாட்டுடையது ஆகும்போது அதே காரியத்துக்கு வேறு பேர். நாளைக்கு நம்மில் சிலர் டெண்டர் பட்டியல், மீட்டர் கணக்கு, அளவுப் புத்தகம் இவற்றில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள். எங்க வீட்டில் இதுவரை யாரும் எந்தக் கணக்கிலும் கையெழுத்துப் போட்டதில்லை, பெருவிரல்தான். அதனால்தானோ என்னவோ, இந்தப் பகுதியை நான் மூன்று தடவை படித்தேன்.

பதவி போனபிறகு அவர் முடங்கவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தார். 1952 தேர்தலில் எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நின்று சென்னை சட்டசபைக்குள் வந்தார். முப்பத்திரண்டு வருஷம் முன் எங்கே தொடங்கினாரோ அதே சபை.

இவர் தமிழுக்குச் செய்தது தனி. கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே நிறைந்திருந்த காலத்தில் தமிழ்ப் பாட்டும் பாடணும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கிளப்பிய தமிழிசை இயக்கத்தில் இவர் முன்வரிசை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது அதன் தலைவர் சண்முகம் செட்டியார்தான். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி 1946-ல் வெளியிட்டார். யோசித்துப் பாருங்க, பிரெட்டன் வுட்ஸில் டாலர் கணக்கு பேசி வந்து இரண்டு வருஷத்துக்குள் கோவலன் கண்ணகிக்கு உரை. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவை, ஏற்றுமதி இறக்குமதியை, சுங்கத்தை ஒரு வணிகக் குடும்பத்துப் பிள்ளை எப்படி ரசித்திருப்பார்!

1953 மே மாதம் காலமானார். வயது அறுபது. அவருக்குப் பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் வரிசையாக அந்த நாற்காலிக்கு வந்தார்கள்.

அடுத்த முறை தொழிற்சாலைப் பார்வைக்குக் கொச்சிக்குப் போகிறவர்கள் எர்ணாகுளத்தில் மெரைன் டிரைவ் பக்கம் கட்டாயம் ஒரு சாயங்காலம் நடப்பீங்க. அங்கே காயலை ஒட்டிப் போகிற பெரிய ரோட்டுக்கு சண்முகம் ரோடு என்று பேர். அந்தச் சண்முகம் இவர்தான்.